பெல்ட் மாற்றிய பிறகும் கீச்சிடும் 1998 ஜென்: மறுபடியும் பெல்ட்தான் மாற்ற வேண்டுமா?

எர்ணாவூர் ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 1998-ஆம் ஆண்டு மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது. அவருக்கு இப்போது விம்கோ நகரில் ஏறினால் மெட்ரோ போதும் என்றாகிவிட்டது. அதனால் வண்டி என் கைக்கு வந்தது. மீஞ்சூரில் இருக்கும் பள்ளிக்குப் போய்வருகிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கத்திலிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி, "அலாரம் வைப்பதையே விட்டுவிட்டேன் அம்மா" என்கிறார். சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஏசியைப் போட்டால் மறுபடியும் ஆரம்பிக்கும். கூடவே முகப்பு விளக்கையும் போட்டால் கேட்கவே வேண்டாம். பனி இறங்கும் மார்கழிக் காலைகளில் இன்னும் மோசம்.

வண்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இது தெருவில் நின்றிருந்தது. எங்கள் பக்கம் ஏறியது வெறும் மழைநீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. வண்டிக்கு பம்பருக்கு மேல் வரை ஏறியிருந்தது. பிறகு ஒரு பட்டறையில் விட்டு, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, பேரிங் மாற்றி, சுத்தம் செய்து மாட்டினார்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் அப்போதே புதிது. கொஞ்ச நாளில் சத்தம் ஆரம்பித்தது. இன்னொரு பெல்ட் போட்டார்கள். அதுவும் கத்துகிறது.

கடைசியாகப் போனபோது மெக்கானிக் துணி சோப்பு ஒன்றை எடுத்து ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் தேய்த்தார். சத்தம் நின்றது. காசும் வாங்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு மடங்காகக் கத்தியது.

இப்போது மூன்றாவதாக ஒரு பெல்ட் போடலாம் என்கிறார். போடத்தான் வேண்டுமா? நானே மாற்றிக்கொள்ள முடியுமா? ஸ்டெப்னி மாற்றுவேன், பேட்டரி கழற்றி மாட்டுவேன், ஸ்பேனர் செட் இருக்கிறது. பெல்ட்டின் உட்புறம் வரிவரியாக இருக்கிறது. முதுகில் இருந்த எண் அழிந்துவிட்டது.

மணலி சாலை:

பெல்ட் லூஸ். நன்றாக இறுக்கச் சொல்லுங்கள், சத்தம் போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால் பெல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே கடையில் கிடைக்கிறது. பழைய வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா?

பேசின் பிரிட்ஜ் ஃபிட்டர் (ஓய்வு):

அம்மா, இப்போதைக்கு எந்தக் கடைக்கும் போகாதீர்கள். மணலித் தம்பி சொன்னபடி இறுக்கவும் வேண்டாம். இறுக்கினால் சத்தம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழுப்பு முழுவதும் ஆல்டர்னேட்டர் பேரிங்கிலும் வாட்டர் பம்ப் பேரிங்கிலும் போய் உட்காரும். பெல்ட் சில நூறு ரூபாய்க்கு வரும். வாட்டர் பம்ப் ஒழுகி, இன்ஜின் கொதித்து, ஹெட் வளைந்தால் ஆகும் செலவைக் கேட்டால் வண்டியையே விற்றுவிடலாமா என்று தோன்றும். ஸ்ப்ரே, சோப்பு, சாக்பீஸ் எல்லாம் ஒரே ஜாதி. கொஞ்ச நேரம் ஒட்டும், அப்புறம் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பெல்ட்டைத் தின்னும்.

நான் பேசின் பிரிட்ஜ் யார்டில் டிரெயின் லைட்டிங் பிரிவில் இருந்தவன். பழைய பெட்டிகளில் விளக்கும் மின்விசிறியும் எப்படி ஓடின என்று ஏறி உட்கார்ந்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பெட்டிக்கு அடியில் ஆல்டர்னேட்டர் தொங்கும், சக்கர அச்சில் புல்லி இருக்கும், இரண்டுக்கும் நடுவே வி பெல்ட்டுகள். ஏசி இல்லாத பெட்டியின் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டருக்கு நான்கு பெல்ட். ஏசி பெட்டியின் 25 கிலோவாட் ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு. நான்கில் ஒன்று அறுந்து வந்தால் அந்த ஒன்றை மட்டும் போட மாட்டோம். நான்கையும் கழற்றிவிட்டு ஒரே செட்டாகப் போடுவோம். ஓடி நீண்டுபோன மூன்றோடு புதிது ஒன்றைச் சேர்த்தால் பாரமெல்லாம் புதிதின் தலையில் விழும். இப்போது எல்எச்பி என்ற புது வகைப் பெட்டிகள் வந்த பிறகு அந்த வேலையே குறைந்துவிட்டது. என் பேரனிடம் சொன்னால், "ரயிலுக்கு எதற்குத் தாத்தா பெல்ட்?" என்று கேட்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பெட்டியில் திரும்பத் திரும்பப் பெல்ட் போகிறது என்று எழுதி வந்தால் நாங்கள் பெட்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளமான பிட் லைனில் இறங்கி முதலில் பார்ப்பது பெல்ட்டை அல்ல. இரண்டு புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளமான காடியில் எண்ணெய் இருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பார்ப்போம். உங்கள் வண்டியில் மூன்றின் மீதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதில் முதலாவதன் மீதுதான் அதிகம். ஏனென்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒரு வாஷர் இடம் மாறினாலே போதும், புல்லி இம்மியளவு முன்னே வந்துவிடும். வரி போட்ட பெல்ட்டுக்கு அந்த இம்மியே கத்துவதற்குப் போதுமானது.

காலையில் ஏன் கத்துகிறது என்றால், ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டர் வேகமாக ஏற்றப் பார்க்கும். அப்போது அதைச் சுழற்றுவது கடினம். புல்லியில் பனி ஈரம் வேறு. விளக்கு போட்டாலும் ஆல்டர்னேட்டருக்கு அதே பாரம்தான். ஏசி போட்டால் கம்ப்ரஸர் பெல்ட்டுக்குப் பாரம் ஏறும், இன்ஜின் வேகமும் சற்று இறங்கும். ஆகவே கத்துவது எந்தப் பெல்ட் என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டும்.

அதற்குத் துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் போதும். காலையில் ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும்போது, பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் வரி இருக்கும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் சட்டென்று நின்று, ஈரம் உலர்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் பலமாகக் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. அதாவது இறுக்கம் போதவில்லை, அல்லது எண்ணெய். எந்த மாற்றமும் இல்லை என்றால் பெல்ட்டை விட்டுவிட்டுப் பேரிங்கைத் தேட வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

அடுத்தது இன்ஜின் ஆறிய பிறகு. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், அதில் ஸ்பேனர் பட்டு பாடியையும் தொட்டால் தீபாவளிதான். பிறகு ஒரு இரும்பு ஸ்கேலை கிராங்க் புல்லியின், அதாவது இன்ஜினே சுற்றிப் பெல்ட்டை ஓட்டும் கீழ்ப் புல்லியின், முகத்தோடு ஒட்டி வைத்து ஆல்டர்னேட்டர் பக்கம் நீட்டிப் பாருங்கள். புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறுவேறாக இருக்கலாம். ஆகவே விளிம்பை மட்டும் நம்பாமல் வரிகள் வரிகளுக்கு நேராக வருகின்றனவா என்றும் பாருங்கள். பெல்ட்டின் ஒரு பக்க ஓரம் மட்டும் பிசிறடித்திருந்தால் அதுவும் சாட்சி.

பெல்ட் தளர்ந்திருக்கும்போது ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆடக் கூடாது. அதன் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அங்கே கூலன்ட் காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தால் பம்ப்பின் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை மூன்றாவது பெல்ட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

ராயபுரம் பழைய வண்டி:

ஐயா சொன்னதோடு ஒன்று. கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் புல்லியின் காடிக்குள் உப்புக் காற்றால் துரு பிடிக்கும். வாரம் முழுவதும் நிறுத்திவைத்து ஞாயிறன்று எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் சில நிமிடம் பெல்ட் அந்தத் துருவைத் தேய்த்துக்கொண்டு ஓடும். புதுப் பெல்ட்டுக்கு அது உப்புத்தாள். என் எஸ்டீமில் புல்லியைச் சுத்தம் செய்யாமல் போட்ட பெல்ட் அடியெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

எர்ணாவூர் ஆசிரியை:

ஐயா, பார்த்துவிட்டேன். தண்ணீர் அடித்ததும் சத்தம் நின்றது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே கதை. ஏசி பெல்ட்டில் அடித்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

ஸ்கேல் வைத்தேன். பள்ளியின் பெரிய இரும்பு ஸ்கேல். கிராங்க் புல்லிக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் பெல்ட் நேராகப் போகிறது. ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. பெல்ட்டின் வெளி ஓரத்தில் நூல் தெரிகிறது. கீழே இருக்கும் நீளமான போல்ட்டில், ஆல்டர்னேட்டரின் காதுக்கும் (போல்ட் நுழையும் துளை உள்ள பகுதி) அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இன்ஜின் பக்கமாக ஒரு வாஷர் இருக்கிறது. முன்பக்கம் எதுவும் இல்லை. அது அங்கேதான் இருக்க வேண்டுமா?

கிராங்க் புல்லியின் காடியில் விரல் விட்டேன். கறுப்பாகப் பிசுபிசுவென்று வந்தது. முகர்ந்தால் அந்த 2023 டிசம்பர் நாற்றம்தான். மற்ற புல்லிகள் கையில் சுத்தமாகத்தான் சுற்றுகின்றன, வாட்டர் பம்ப் ஆடவில்லை, வெள்ளைத் தடமும் இல்லை.

பேசின் பிரிட்ஜ் ஃபிட்டர் (ஓய்வு):

அந்த வாஷர்தான் ஆள். அது இன்ஜின் பக்கம் உட்கார்ந்து ஆல்டர்னேட்டரை வெளியே தள்ளுகிறது. கழற்றி முன்பக்கம் போட்டுவிட்டு மறுபடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வாஷர் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஸ்கேல்தான் சொல்ல வேண்டும், நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது. சில ஆல்டர்னேட்டர்களில் காதுக்குள் நகரும் புஷ் (உலோக வளையம்) ஒன்று உண்டு. அது துருப்பிடித்து ஒரு பக்கமாக நின்றுவிட்டிருந்தாலும் இப்படி வரும்.

இப்போது பெல்ட் வாங்கலாம். எண்ணெய் குடித்த ரப்பரும் ஓரம் பிசிறடித்த ரப்பரும் திரும்பி நல்ல நிலைக்கு வராது. கழுவிப் போடலாமா என்று கேட்காதீர்கள்.

ஜி.பி. ரோடு கவுன்டர்:

எண் அழிந்த பெல்ட்டோடு எங்கள் உதிரிபாகக் கடைக்குத் தினமும் நாலு பேர் வருகிறார்கள், கவலைப்பட வேண்டாம். வரி போட்ட பெல்ட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது எளிது. உதாரணத்துக்கு 4பிகே 800 என்றால் நான்கு வரி, பிகே என்பது வரிகளின் அளவு (ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் 3.56 மி.மீ), 800 என்பது மில்லிமீட்டரில் நீளம். இது உங்கள் வண்டியின் எண் இல்லை, உதாரணம்தான். வரிகளை எண்ணுங்கள், பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள், ஆர்.சி. நகலையும் எடுத்து வாருங்கள். ஜென்னில் ஏசி இருக்கிறதா, பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாட்டிய பிறகு ஆல்டர்னேட்டர், அதை நகர்த்தி இறுக்கும் பட்டையில் இருக்கும் நீண்ட துளையின் நடுவாக்கில் நிற்க வேண்டும். ஒரு கோடியில் போய் முட்டினால் நீளம் தவறு, திருப்பிக் கொண்டு வாருங்கள். அழுக்காகாமல் கொண்டு வந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஏசி பெல்ட்டையும் பாருங்கள். இப்போது வருபவை பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். பழைய நியோப்ரீன் பெல்ட் மாதிரி வெடிப்பு விட்டு எச்சரிக்காது. டயர் தேய்வதைப் போல வரிகள் தேய்ந்துகொண்டே போகும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வெடிப்பு இல்லையே என்று ஏமாற வேண்டாம்.

பேசின் பிரிட்ஜ் ஃபிட்டர் (ஓய்வு):

கவுன்டர் தம்பி சொன்னது சரி. ஏசி பெல்ட்டும் அதே தண்ணீரில் நின்றதுதான். வெளியே இருக்கும் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளே இருப்பது வராது என்றால், எப்படியும் கழற்றுகிறீர்கள், இரண்டையும் மாற்றிவிடுங்கள். ரயில் பெட்டியின் செட் கணக்கு இங்கே இல்லை. இவை தனித்தனி வேலை செய்பவை. ஆனால் வேலை ஒன்றுதானே.

மாட்டுவதைச் சொல்கிறேன். கழற்றுவதற்கு முன் கைபேசியில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். பெல்ட் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினால் இடம் கிடைக்கும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடக் கூடாது. ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும், மேலே வளைந்த பட்டையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் கையோடு வரும். வரவில்லை என்றால் இன்னும் எதுவோ தளரவில்லை என்று பொருள். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். நெம்பிப் போட்ட பெல்ட்டின் உள்நூல் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. ஏசி பெல்ட்டில் கம்ப்ரஸர் நகர்கிறதா, நடுவில் பெல்ட்டை இறுக்குவதற்காக மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லி நகர்கிறதா என்று பார்த்து அதைத் தளர்த்துங்கள். ஐட்லர் இருந்தால் அதையும் சுற்றிப் பாருங்கள். வெள்ளத்தில் முதலில் போவது அதன் பேரிங்தான்.

பிறகுதான் முக்கியமான வேலை, பட்டறைகளில் யாரும் செய்யாத வேலை. புல்லிகளைக் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும், பிசுக்கு போகவில்லை என்றால் பிரேக் கிளீனர். ஒவ்வொரு காடியாக, அடி வரை. துணியில் கறுப்பு வராத வரை விடாதீர்கள். ராயபுரம் நண்பர் சொன்ன துரு இருந்தால் நைசான எமரித் தாளை மடித்துக் காடிக்குள் விட்டு மெல்லத் தேயுங்கள், புல்லியின் உலோகத்தையே சீவிவிடும் அளவுக்கு வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகு புதுப் பெல்ட்டை எண்ணெய் படாத கையால் எடுங்கள். எல்லா வரியும் எல்லாக் காடியிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு புல்லியாக விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே தொங்கிக்கொண்டு ஓடினால் பெல்ட் நெடுவாக்கில் கிழியும்.

இறுக்கும்போது ஆல்டர்னேட்டரை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டை முடுக்குங்கள், அப்புறம் கீழ் போல்ட். கம்பி வைத்து இழுப்பதாக இருந்தால் கம்பி அலுமினிய உடலின் மெல்லிய பகுதியில் படக் கூடாது, விரிசல் விடும். இரண்டு புல்லிக்கு நடுவில் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் பலமாக, சுமார் 10 கிலோ அழுத்தத்தில், அமுக்கினால் 6 முதல் 9 மி.மீ வரை இறங்குவது இந்த மாதிரி வண்டிகளுக்குப் பொதுவான கணக்கு. புதுப் பெல்ட் என்றால் அதில் குறைந்த பக்கமாக வையுங்கள். அப்பாவிடம் வண்டியின் கையேடு இருந்தால் அதில் இருக்கும் எண்தான் செல்லும், என் எண் இல்லை. சில நாள் ஓடிய பிறகு பெல்ட் காடியில் அமர்ந்து கொஞ்சம் தளரும். அப்போது ஒரு தடவை அமுக்கிப் பார்த்து இறுக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல், புதுப் பெல்ட்டும் கத்துகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். ஜென்னில் உள்ளே, மூடிக்குப் பின்னால், டைமிங் பெல்ட் இருக்கிறது. இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும், பல் வைத்த ரப்பர் பெல்ட். வெளிப் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், வாட்டர் பம்ப் நின்று சூடு ஏறும். அப்போதே ஓரம் கட்டி நிறுத்திவிடலாம். டைமிங் பெல்ட் அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும், பின்னால் கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும். அந்த மூடி தண்ணீர் புகாத டப்பா இல்லை. கிராங்க் புல்லியிலேயே எண்ணெய் இருக்கிறது என்றால் உள்ளேயும் போயிருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு அந்த மூடியை யாராவது திறந்தார்களா என்று பட்டறையில் கேளுங்கள். திறக்கவில்லை என்றால் நல்ல ஆளாகப் பார்த்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது பற்சக்கரங்களில் இருக்கும் குறிகளை நேர்படுத்திப் போட வேண்டிய வேலை. ஒரு பல் தள்ளிப் போட்டாலும் வண்டி இழுக்காது.

எர்ணாவூர் ஆசிரியை:

வாஷரை மாற்றினோம், நானும் தம்பியும். ஸ்கேல் இப்போது நேராக உட்காருகிறது. இரண்டு பெல்ட்டும் போட்டாயிற்று. ஏசி பெல்ட்டை இறுக்கத்தான் தம்பி கையைச் சிராய்த்துக்கொண்டான். கிராங்க் புல்லியைக் கழுவிய தண்ணீரைப் பார்த்து அம்மா, "இன்னும் எத்தனை வருடம் இந்த எண்ணெய் வந்துகொண்டிருக்கும்?" என்று கேட்டார்.

சத்தம் இல்லை. டைமிங் மூடியைப் பட்டறையில் யாரும் திறக்கவில்லையாம். சனிக்கிழமை வேறு ஒருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பேசின் பிரிட்ஜ் ஃபிட்டர் (ஓய்வு):

நல்லது. திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பெல்ட்டை மட்டும் பார்க்காமல் அதன் டென்ஷனர் பேரிங்கையும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையங்களான கிராங்க் சீலும் கேமின் சீலும் கசிகின்றனவா என்றும் கேளுங்கள். கசிந்தால் சீலை மாற்றாமல் பெல்ட் போடுவது வீண்.

மணலி சாலை:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் சான்ட்ரோவிலும் காலையில் இதே மாதிரிதான் வருகிறது. அந்தத் தண்ணீரைப் பெல்ட்டில் எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று சொன்னீர்கள்?

பேசின் பிரிட்ஜ் ஃபிட்டர் (ஓய்வு):

வரி இருக்கும் பக்கம், தம்பி. முதுகில் அடித்தால் ஒன்றும் தெரியாது. ஸ்ப்ரே டப்பா ஏற்கெனவே அடித்திருந்தால் பெல்ட் பிசுபிசுவென்று இருக்கும், சோதனை பொய் சொல்லும். அடித்தீர்களா?